கடை பில்லும் பேங்க் ஸ்டேட்மெண்டும்: ஒத்துப் பார்த்த அனுபவம்

கடையில் வாங்கும் பில்லைச் சேர்த்து வைத்து, மாசக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மெண்டோடு ஒத்துப் பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் சில வருஷமாக ஓடுகிறது. "எல்லாத்துக்கும்தான் எஸ்எம்எஸ் வருதே, இது எதுக்கு மெனக்கெட்ட வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பணம் போனால் எஸ்எம்எஸ் வரும். வரவேண்டிய பணம் வராமல் போனால் அதைச் சொல்ல எந்த எஸ்எம்எஸ்ஸும் வராது. திருப்பிக் கொடுத்த சேலையின் பணம், கேன்சல் ஆன டிக்கெட் பணம், ஆஸ்பத்திரியில் கட்டிய அட்வான்ஸில் மிச்சம், ஒரே சாமானுக்கு இரண்டு தடவை போன தொகை என்று இந்த வகைக்குத்தான் இந்த வேலை. பேங்க்காரர் தப்பைப் பிடிக்கலாம் என்று ஆரம்பிப்பவர்கள் சீக்கிரம் சலித்துவிடுவார்கள். பேங்க் கூட்டல் கழித்தலில் தப்பு விடுவது அபூர்வம்.

முதலில் காகிதத்தைப் பற்றி. பாதிப் பேர் கைவிடுவதே அந்த இடத்தில்தான். சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க், மருந்துக் கடை என்று எங்கே போனாலும் வருவது பெரும்பாலும் தெர்மல் பேப்பர். அதில் மை கிடையாது. காகிதத்தின் மேல் உள்ள பூச்சு சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது, அதுதான் எழுத்து. மேஜையில் கிடக்கும் பில்லின் மேல் ஆவி பறக்கும் காபி டம்ளரை வைத்துப் பாருங்கள், அடிப்பாகம் பட்ட இடம் வட்டமாகக் கறுத்துவிடும். பாளையங்கோட்டை சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் கிடந்த பில் ஒரு வாரத்தில் அடையாளம் தெரியாமல் போகும். எண்ணெய்க் கை பட்டாலும் வெளுக்கும். எல்லாவற்றிலும் மோசம் பளபளப்பான பிளாஸ்டிக் உறை. பத்திரமாக இருக்கட்டும் என்று அதில்தான் போட்டு வைப்போம். பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் ரசாயனமே எழுத்தைத் தின்றுவிடும்.

அண்ணாச்சி கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குமே, பில் குத்துகிற கம்பி, அதைப்போல ஒன்றை அடுப்படியில் மாட்டச் சொன்னார்கள் அத்தை. அழகாகத்தான் இருந்தது, ஆனால் அடுப்படி எண்ணெய்ப் புகையில் மாசம் முடிவதற்குள் பாதி பில் வெள்ளைத் தாளாகிவிட்டது. இப்போது கல்யாணப் பத்திரிகை வந்த காகித உறைகள்தான். மாசத்துக்கு ஒன்று, மேலே மாசம் எழுதி பீரோவுக்குள் வைத்தால் போதும். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் வரும் உறையே வருஷம் முழுக்கக் காணும். மிக்ஸி, பிரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி வாரண்டி உள்ள பில்லாக இருந்தால் அன்றைக்கே போனில் ஒரு படம், அப்புறம் ஒரு ஜெராக்ஸ். ஜெராக்ஸ் வெளுக்காது.

பில் கைக்கு வந்ததும் அதன் தலையில் பென்சிலால் இரண்டு விஷயம் எழுதுவேன். எதில் கொடுத்தோம்: ரொக்கம் என்றால் ரொ, கார்டு என்றால் கா, ஜிபே என்றால் ஜி. அடுத்தது, பணம் யார் பெயருக்குப் போனது. இரண்டாவதுதான் முக்கியம். கடை போர்டில் ஒரு பெயர் இருக்கும். ஸ்டேட்மெண்டில் அண்ணாச்சியின் மருமகள் பெயர் வரும், அதுவும் பாதியில் வெட்டி. எங்கள் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் நான் பழம் வாங்கும் கடைக்குக் கணக்கில் வருவது யாரோ ஒரு ஆண்பிள்ளையின் இனிஷியலும் நாலு எழுத்தும். வாங்கிய அன்று எழுதாவிட்டால் மாசக் கடைசியில் "இந்தாள் யாருட்டி, இவருக்கு எதுக்கு 640 ரூபாய்?" என்று வீட்டுக்காரர் போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார்.

பெயர் குழப்பினாலும் யுபிஐ வரியில் இருக்கும் 12 இலக்க எண் குழப்பாது. போன் ஆப்பில் அந்த பரிவர்த்தனையைத் திறந்தால் அதே எண் இருக்கும். எங்கள் ஸ்டேட்மெண்டில் வரும் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்ததில் ஒரு ஒழுங்கு பிடிபட்டது. முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 5032 என்று ஆரம்பித்தால் 2025-ன் 32-வது நாள், அதாவது பிப்ரவரி 1. தேதி அழிந்த பில்லை இதை வைத்தே இடம் பார்த்துச் சேர்த்திருக்கிறேன். கார்டு தேய்த்தது வேறு மாதிரி. சனிக்கிழமை ராத்திரி தேய்த்தது திங்கள்கிழமை தேதியில் ஏறலாம், மாசக் கடைசியாக இருந்தால் அடுத்த மாச ஸ்டேட்மெண்டுக்கே போய்விடும். "டேலி ஆகலையே" என்று பதறும் முன்னால் அடுத்த மாச முதல் வரிகளையும் பார்த்துவிட வேண்டும்.

இதெல்லாம் எதற்கு உதவியது? தீபாவளி நேரம், டவுண் ரத வீதி ஜவுளிக்கடை ஒன்று. கூட்டத்தில் கையை அசைக்க இடமில்லை. ஜிபேயில் 4,380 ரூபாய் அனுப்பினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் வாயே திறக்கவில்லை. பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்ட, கார்டைத் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தாயிற்று. கார்டு ஸ்லிப்பைப் பில்லோடு பின் அடித்து, தலையில் "ஜி?" என்று குறித்து வைத்தேன்.

இந்த மாதிரி நேரத்துக்கு ரிசர்வ் பேங்க் 2019-ல் போட்ட விதி ஒன்று இருக்கிறது. யுபிஐயில் கணக்கிலிருந்து பணம் போய், கடைக்கு வந்ததற்கான உறுதி வரவில்லை என்றால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்பி வர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் பேங்க் தர வேண்டும். ஐந்து நாளும் போயிற்று, திரும்பவில்லை. அப்படியானால் பணம் பேங்கில் தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு குறைவு, தாமதமாகவாவது கடைக்குப் போயிருக்கும். போய்க் கேட்டேன்.

"அக்கா, பெட்டி சத்தமே போடலை. அதனாலதான கார்டு தேய்க்கச் சொன்னோம். வந்திருந்தா சொல்லியிருக்கும்லா?"

"பெட்டி பேசாட்டா என்னப்பா, இந்த நம்பரைப் போட்டுப் பாரு."

உள்ளே இருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பில்லை வாங்கிப் பார்த்தார். கார்டு ஸ்லிப்பைப் பார்த்தார். பையன் கம்ப்யூட்டரில் அன்றைய வரவைத் தேடி, அதே 12 இலக்கத்தைக் கண்டுபிடித்தான். "நம்பர் இருக்கு, பில்லும் இருக்கு. அப்புறம் என்னல பேச்சு, அனுப்பி விடு." ரொக்கமாகத் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் கணக்கிலேயே போடுங்கள் என்றேன். போன வழியே திரும்பி வந்தால்தான் ஸ்டேட்மெண்டில் இரண்டு வரியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். அந்தக் கடையைக் குறை சொல்வதற்கில்லை. தீபாவளி வரவில் எங்கள் 4,380 கூடுதலாக இருந்தது அவர்களுக்கும் தெரியாது.

இதிலிருந்து வந்ததுதான் நோட்டின் கடைசிப் பக்கம். தலைப்பு "வரவேண்டியது". என்னைக் கேட்டால், பில் சேர்ப்பதை விட்டாலும் இந்த ஒரு பக்கத்தை விடாதீர்கள் என்பேன். வரவேண்டிய தொகை, யாரிடமிருந்து, எந்தக் கணக்குக்கு, என்றைக்குச் சொன்னார்கள் என்று எழுதி வைப்பது. ஸ்டேட்மெண்டில் கண்ணால் கண்ட பிறகுதான் அடிப்பது. "அனுப்பியாச்சு மேடம்" என்ற வாய்ச்சொல்லுக்கு அடிப்பதில்லை.

பொங்கல், தீபாவளி முடிந்தால் இந்தப் பக்கத்தை நிரப்புவது நெல்லை எக்ஸ்பிரஸ்தான். மகன் சென்னையில். அவன் ஒரு டிக்கெட் போடுவான், கிடைக்குமோ கிடைக்காதோ என்று இவர் இங்கிருந்து ஒன்று போடுவார், இரண்டும் வெயிட்டிங் லிஸ்டில் நிற்கும். ஆன்லைன் டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகி, சிறு பிடித்தம் போக, கட்டிய கணக்குக்கே பணம் திரும்பும். எந்தக் கணக்கில் கட்டினோம் என்பது பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? எழுதி வைத்திருந்தால் பத்து நாள் கழித்து ஒரு தடவை பார்த்தால் போதும்.

சின்னச் சின்னப் பிடித்தங்கள் இன்னொரு பக்கம். கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் மைனி பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டினார்கள். மே மாசக் கடைசியில் 436 ரூபாய் ஒரு வரி, 20 ரூபாய் ஒரு வரி. "ஏதோ திருடுதான் பாத்துக்கோ" என்றார்கள். திருட்டு இல்லை. 436 பிரதமரின் ஆயுள் காப்பீடு, 20 விபத்துக் காப்பீடு. ஜூன் முதல் மே வரை ஒரு வருஷத்துக்கு. 2022 ஜூனுக்கு முன்னால் 330-ம் 12-ம் ஆக இருந்தவை. கணக்கு ஆரம்பித்தபோது நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சத்துக்குக் காப்பு உண்டு என்றதும் "அப்படின்னா கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். இப்போது வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அதுவும் ஒரு லாபம்தான். வீட்டில் யாருக்கும் தெரியாத பாலிசியைக் கேட்டு வாங்க ஆள் இருக்காது.

திருட்டு விஷயத்தில் மட்டும் இந்த மாசக் கடைசி வேலையை நம்பக்கூடாது. நம் தப்பும் இல்லாமல், பேங்க் தப்பும் இல்லாமல் வேறு வழியில் பணம் எடுக்கப்பட்டால், பேங்க் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் நமக்கு நஷ்டம் இல்லை என்பது 2017-ல் ரிசர்வ் பேங்க் சொன்னது. நாள் கூடக்கூட நம் தலையில் விழும் பங்கும் கூடும். ஓடிபியை நாமே சொல்லிவிட்டால் புகார் கொடுக்கும் வரை போனது நம் கணக்கு. ஆகவே தெரியாத எஸ்எம்எஸ் வந்தால் அன்றைக்கே பேங்க்குக்கும் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்கும் போன் போட்டுவிட வேண்டும், மாசக் கடைசி வரை உறையில் போட்டு வைக்கும் சமாச்சாரம் இல்லை.

சரி, ஒத்து வராதவையும் இருக்கின்றன. மகாராஜநகர் உழவர் சந்தையில் பில் ஏது? காய்கறிக்கு வாரத்துக்கு ஒரு மொத்தத் தொகை எழுதுவதோடு சரி. யுபிஐ லைட் இன்னொரு தலைவலி. அதில் பணம் ஏற்றுவது மட்டும்தான் ஸ்டேட்மெண்டில் ஒரு வரியாக வரும். அதிலிருந்து டீக்கும் பூவுக்கும் கொடுப்பது ஆப்புக்குள்ளேயே நின்றுவிடும். என் போனில் அதை அணைத்துவிட்டேன். இவர் அதையேதான் விரும்புகிறார், காரணம் புரிந்திருக்கும்.

எஸ்டிமேட் சீட்டு விவகாரத்தைச் சொல்லாமல் முடியாது. டைல்ஸ், பெயிண்ட், கட்டில் வாங்கப் போனால் பெயரில்லாத துண்டுச் சீட்டில் தொகை எழுதிக் கொடுப்பார்கள். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்க்கா, பாத்துக்கிடுங்க." பணத்தையும் கடைக் கணக்குக்கு வாங்காமல் யாருடைய நம்பருக்கோ அனுப்பச் சொல்வார்கள். கட்டில் காலில் விரிசல் விட்டால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எங்கே போவது? பில் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகத்தில் சேர்த்திருக்கிறது. சட்டம் பேசினால் வேறு கடைக்குப் போகச் சொல்வார்கள் என்பதும் உண்மை. பெரிய சாமானுக்கு நான் போய்விடுகிறேன், வேறு கடைக்கு.

சாதனங்களில் பாஸ்புக் மிஷின் எனக்குப் பிடிக்கவில்லை. விவரம் பாதியில் அறுந்து நிற்கும், சில சமயம் ஒரு வரி மேல் இன்னொரு வரி அடித்துவிடும். ஸ்டேட்மெண்டை பிடிஎஃப்பாக இறக்கி மகன் விட்டுப்போன லேப்டாப்பில் பார்ப்பதுதான் கண்ணுக்கு நல்லது. எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானாகக் கணக்குப் போடும் ஆப் ஒன்றை மகன் போட்டுக் கொடுத்தான். ஓடிபி வரும் பெட்டியை முழுசாகத் திறந்துவிட மனசு வரவில்லை, எடுத்துவிட்டேன். எக்செல் நன்றாக இருக்கும், ஆனால் நோட்டுதான் அடுப்படி மேஜையில் இருக்கும். பென்சில் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறையில் சித்தி வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர். காய வைத்துப் பிரித்தபோது ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் நீலக் கறை. சித்தப்பா பென்சிலில் எழுதிய பால் கணக்கு அப்படியே இருந்தது.

எதை எவ்வளவு நாள் வைப்பது? மளிகை, மருந்து பில்லுக்கு ஸ்டேட்மெண்டில் டிக் அடித்து அடுத்த மாசமும் போனால் வேலை முடிந்தது. கிழித்துத்தான் போட வேண்டும், போன் நம்பர் அச்சாகியிருக்கும். வாரண்டி உள்ளது வாரண்டி முடியும் வரை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் கெடு இருப்பதால், விலை கூடின சாமான் பில் எதுவானாலும் குறைந்தது அதுவரை. நகை பில்லை மட்டும் எப்போதும் கிழிப்பதில்லை. ஹால்மார்க் நகையில் பொறித்திருக்கும் எச்யுஐடி, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் வரும் அடையாளக் குறி, பில்லில் இல்லையென்றால், அன்றைக்கே பென்சிலால் பின்பக்கம் எழுதி வைத்துவிடுவேன்.

பெட்ரோல் பில்லைச் சேர்ப்பதை விட்டுவிட்டேன். அதை இவர் சட்டைப் பையிலேயே வைத்துத் துவைக்கப் போட்டுவிடுகிறார், வாஷிங் மிஷினிலிருந்து வருவதை எந்த ஸ்டேட்மெண்டோடும் ஒத்துப் பார்க்க முடியாது.