முன் ஷாப்ட் இல்லாமல் 15 மாதம் ஓடிய ஜீப்: ஃபோர் வீல் வண்டி வைத்திருக்கும் நெல்லைக்காரர்கள் கவனத்துக்கு

கடையம் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் மூன்று கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் ஓர் ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் டிராக்டரையும் ஜீப்பையும் தவிர எதுவும் அந்தப் பக்கம் போகாது. அதற்காகவே 2019-ல் ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினேன். லிவர் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல், முன் சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டவும் விடுவிக்கவும் அதன் நடுவில் கையால் திருப்பும் ஹப் லாக். ஓடை மணலில் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். நன்றாகவே இழுத்தது. வண்டியின் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. சரிசெய்யக் கொடுத்த இடத்தில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

2022 ஆகஸ்ட் கடைசியில் முன்பக்கம் ஓர் அதிர்வு வர ஆரம்பித்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காலுக்கடியில் கடகடவென்று சத்தம். அப்போதெல்லாம் ஒவ்வொரு தடவையும் இறங்கித் திருப்ப வேண்டுமே என்று ஹப்பை லாக்கிலேயே விட்டு வைத்திருப்பேன். ஹப் லாக்கில் இருந்தால், டூ வீலில் ஓட்டினாலும் முன் ஆக்சிலும், எஞ்சின் இழுவையை அதற்குக் கொண்டுபோகும் முன் ஷாப்டும் சும்மாவேனும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதில் ஏதோ தேய்ந்திருக்கிறது என்ற அளவுக்கு எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பி, திருநெல்வேலியில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. முன் கிரவுனில், அதாவது முன் ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியில், பேரிங் போய்விட்டது, ஆயில் சீல் இரண்டு பக்கமும் கிழிந்திருக்கிறது, இறக்கி வேலை பார்க்க வேண்டும் என்றார்கள். 18,500 ரூபாய். சரி என்றேன். வண்டியை எடுக்கப் போனபோது பழைய பேரிங்கைக் காட்டச் சொன்னேன். "அதெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சு அண்ணாச்சி" என்றார் பட்டறைக்காரர். பில் கேட்டேன். ஒரு துண்டுத்தாளில் "முன் கிரவுன் வேலை 18,500" என்று எழுதிக் கொடுத்தார். வண்டி எண் இல்லை, கடைப் பெயர் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஓட்டிப் பார்த்தேன், சத்தம் அடியோடு போயிருந்தது. அந்த நிம்மதியில் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

கிளம்பும்போது அவர் ஒரு புத்திமதியும் சொன்னார். "இனி ஹப்பை ஃப்ரீயிலயே விட்டுருங்க. சும்மா சும்மா ஃபோர் வீல் போடாதிய. டீசலும் குடிக்கும், கியரும் தேயும். உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் போட்டாப் போதும்."

இதில் பாதி உண்மை. பாதி உண்மையாக இருந்ததால்தான் முழுவதையும் நம்பினேன். இந்த மாதிரி லிவர் ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் முன் ஷாப்டும் பின் ஷாப்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் அடிக்கும். மணலிலோ சேற்றிலோ அந்த வித்தியாசம் சக்கரம் கொஞ்சம் சறுக்கிச் சரியாகிவிடும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க வழியில்லை. முறுக்கம் முழுவதும் ஷாப்டிலும் கியரிலும் ஏறும், டயர் தேயும், லிவரைத் திரும்ப எடுக்கவே வராது. அதனால் தார் ரோட்டில் போடக் கூடாது என்பது சரியான பேச்சுதான். ஆனால் அவர் சொன்னது எங்கேயுமே போடாதே என்று. ஏன் அப்படிச் சொன்னார் என்பது 15 மாதம் கழித்துத்தான் விளங்கியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தண்ணீருக்கு நடுவில் நின்றது. எங்கள் ஓடையும் கரை தாண்டிப் பாதை மேலேயே ஓடியது. தோட்டத்துக் காவலுக்கு இருக்கும் குடும்பம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. பிள்ளைகள் இரண்டு பேர், மாடுகள் நான்கு. தண்ணீர் வடிந்ததும் அரிசி, பருப்பு, தவிடு, வைக்கோல் ஏற்றிக்கொண்டு 20-ஆம் தேதி காலையில் நானும் மைத்துனனும் கிளம்பினோம்.

ஓடை தாழ்ந்திருந்தது. ஆனால் இறங்குகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வண்டல் படிந்து கிடந்தது. இறங்கி ஹப்பைத் திருப்பினேன், அசையவில்லை. கொறடு போட்டுப் பிடித்துத் திருகி ஒரு வழியாக லாக் செய்தேன். லிவரைத் தள்ளினேன், விழுந்தது. டேஷ்போர்டில் பச்சை விளக்கும் எரிந்தது. தைரியமாக இறக்கினேன். வண்டி இரண்டு ஆள் நீளம் போய் நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்பக்கம் குழி தோண்டிக்கொண்டு இறங்குகிறது. வெளியே நின்ற மைத்துனன்தான் கத்தினான்: "அத்தான், முன் வீல் சுத்தவே இல்ல!"

அரிசி மூட்டையை மைத்துனன் தலைச்சுமையாகக் கொண்டுபோனான். வைக்கோலை இரண்டு நடையாகச் சுமந்தோம். பொழுது சாயப்போகும் நேரத்தில் பக்கத்து ஊர் டிராக்டர் வந்து வண்டியை இழுத்துப் போட்டது. தண்ணீர் வடிந்த பிறகு போனோம், அதனால் நஷ்டம் இதோடு போயிற்று. இரண்டு நாள் முன்னால், ஃபோர் வீல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஓடும் தண்ணீரில் இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அம்பாசமுத்திரத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மேலே ஓடிய ஜீப்புகளைப் பல வருடம் பார்த்த கை. வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். சாக்கை விரித்துப் படுத்து அடியில் பார்த்தவர், ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்: "அண்ணாச்சி, முன் ஷாப்டை எங்க விட்டுட்டு வந்திய?"

எஞ்சின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் கிரவுனுக்குப் போக வேண்டிய ஷாப்டே அங்கே இல்லை. இரண்டு முனையிலும் வெறும் பிளேஞ்ச், மேலே துரு. முன் கிரவுனின் ஆயில் பிளக்கைக் காட்டினார். பழைய பெயிண்ட்டும் மண்ணும் ஒட்டியபடி, வருடக்கணக்காக யாரும் ஸ்பேனர் வைத்த அடையாளமே இல்லை. திறந்தபோது வந்தது பால் விட்ட காபி நிறத்தில் ஒரு குழம்பு. தண்ணீர் கலந்த ஆயில். 18,500 ரூபாய்க்கு அந்தக் கிரவுனைத் தொடவே இல்லை. அதிர்ந்தது ஷாப்டின் முனையில் இருக்கும் கிராஸ் என்ற இணைப்பு. ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற சாமான். அதை மாற்றாமல் ஷாப்டையே கழற்றிவிட்டார்கள். ஷாப்ட் இல்லையென்றால் சத்தம் எங்கிருந்து வரும்? பச்சை விளக்கு எப்படி எரிந்தது என்று கேட்டேன். அந்த விளக்குக்கான சுவிட்ச் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது, உள்ளே கியர் மாறியதா என்பதை மட்டும்தான் அது சொல்லும், சக்கரம் சுற்றுகிறதா என்று அதற்குத் தெரியாது என்றார்.

"ஃபோர் வீல் போடாதிய" என்ற புத்திமதி எதற்கு என்று இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும். அந்த 15 மாதத்தில் ஒரே ஒரு தடவை மணலில் போட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். நான் போடவில்லை. வண்டியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஓடையில் ஈரம் இருந்தால் வண்டியை இந்தக் கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனேன்.

ஷாப்ட் இருந்திருந்தாலும் போடாமல் வைத்திருந்தது தப்பு என்றார் மெக்கானிக். கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றிலும் ஆயில் அடியில்தான் நிற்கும். பல்சக்கரம் சுற்றும்போது அதை வாரி மேலே அடித்தால்தான் மேல் பல்லுக்கும் பேரிங்குக்கும் சீலுக்கும் எண்ணெய் போகும். ஹப் ஃப்ரீயில் இருந்தால் முன் ஆக்சில் நின்றே கிடக்கும். மேலே இருக்கும் இரும்பு காய்ந்து ஈரக்காற்றில் துரு ஏறும், சீலின் ரப்பர் விறைக்கும், ஹப் கிரீஸ் மெழுகு மாதிரி இறுகும், லிவரின் கம்பியும் ஃபோர்க்கும் இருந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். சுவிட்சைத் திருப்பி ஃபோர் வீல் போடுகிற புது வண்டிகளுக்கும் இதே கதைதான், அங்கே இறுகுவது மோட்டாராக இருக்கும். "ஓடுத கியருக்கு எண்ணெய் தானா ஏறும். நிக்கித கியருக்கு யாரு ஊத்துவா?" என்று கேட்டார். மலை மேலே ஓடிய ஜீப்புகள் அத்தனை வருடம் தாங்கியதற்கு, தினமும் லிவர் விழுந்ததும் ஒரு காரணம் என்பது அவர் சொன்ன கணக்கு.

மறுநாளே அந்தப் பட்டறைக்குப் போனேன். துண்டுத்தாளைக் காட்டினேன். "இதுல எங்க கடை பேரு இருக்கா? வண்டி நம்பர் இருக்கா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான்தான் ஷாப்டைக் கழற்றச் சொன்னேன் என்று மாற்றிப் பேசினார். ஷாப்டையாவது கொடு என்றேன். அப்படி ஒன்று தன்னிடம் இல்லவே இல்லை என்றார். தாள் இப்படி இருக்க என்ன செய்ய முடியும் என்று வெறுத்துப்போய் வந்துவிட்டேன். அங்கேதான் இரண்டாவது தடவை ஏமாந்தேன். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலைக்கு முறையான பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கொடுத்த விவகாரத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தே ஆரம்பித்திருக்கலாம். இதையெல்லாம் ஒரு வக்கீல் சொந்தக்காரர் சொல்லி எனக்குத் தெரிந்தபோது, புகார் கொடுக்க வேண்டிய இரண்டு வருடக் கெடு ஓடிவிட்டது. நீங்கள் இப்படி மாட்டினால் கெடுவுக்குள் போய்விடுங்கள். பட்டறையில் விடும்போதே வண்டி எண், கிலோமீட்டர், செய்யப்போகும் வேலை எல்லாம் எழுதி வாங்குங்கள். கழற்றிய சாமானை வீட்டுக்கு எடுத்து வாருங்கள், உடைந்த பேரிங்காக இருந்தாலும் சரி.

பழைய ஷாப்ட் ஒன்று தேடிப் பிடித்து, புதுக் கிராஸ் இரண்டு, சீல், ஆயில், ஹப் கிரீஸ் எல்லாம் சேர்த்து அம்பாசமுத்திரத்தில் ஆனது 9,200 ரூபாய். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய் மண் அடைத்துக் கிடந்ததையும் சுத்தம் செய்து கொடுத்தார். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். எங்கள் கிரவுனில் காபி கலந்தது அப்படித்தான். ஓடையில் இறக்கி ஏற்றுகிறவர்கள் மழைக்காலம் முடிந்ததும் பிளக்கைத் திறந்து ஆயில் நிறத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்றே வைத்திருக்கிறேன். ஹப்பை லாக் செய்து, தோட்டப் பாதையிலும் குளத்துக்கரைச் சரள் ரோட்டிலும் ஃபோர் வீலில் ஓட்டுகிறேன். சில கம்பெனி வண்டிகளின் புத்தகத்திலேயே மாதம் 16 கிலோமீட்டராவது ஃபோர் வீலில் ஓட்டச் சொல்லியிருக்கிறது. நான் அதைத்தான் அளவாக வைத்திருக்கிறேன். வேகம் குறைந்து இழுவை கூடும் லோவிலும் போட்டு ஒரு நூறு அடி மெதுவாக உருட்டுவேன். தார் ரோடு ஏறும் முன் டூ வீலுக்கு மாற்றிவிடுவேன். தானாகப் பூட்டும் ஹப் உள்ள வண்டி என்றால், பலவற்றில் மாற்றியபின் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தால்தான் விடும். அந்தக் குளத்துக்கரைப் பயணத்துக்கு ஆகும் டீசல் ஒரு பெரிய செலவே இல்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும், பட்டறையிலிருந்து எடுக்கிறவர்களுக்கும் அந்த மெக்கானிக் சொல்லித்தந்த சோதனை ஒன்று. சமதரையில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கியரை ஃபர்ஸ்டில் போட்டு, ஹப் இரண்டையும் லாக் செய்து, லிவரை ஃபோர் ஹையில், அதாவது லோ அல்லாத சாதாரண ஃபோர் வீலில், தள்ளுங்கள். முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக ஆடிவிட்டு நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால், ஹப்போ ஷாப்டோ டிரான்ஸ்ஃபர் கேஸோ ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. தூக்காத பக்கத்து ஹப் பழுதாக இருந்தாலும் இதிலேயே தெரிந்துவிடும். எப்போதும் நாலு சக்கரமும் சுற்றும் வண்டிகளுக்கு இது பொருந்தாது, எங்களுடையது போன்ற லிவர் வண்டிகளுக்குத்தான்.

ஜாக்கி போட நேரமில்லாதவர்கள் இன்று சாயங்காலம் ஒரு டார்ச்சோடு வண்டிக்கடியில் குனிந்தாவது பாருங்கள். நடுவிலிருந்து பின்னால் ஒரு ஷாப்ட் போக வேண்டும், முன்னால் ஒரு ஷாப்ட் போக வேண்டும். சமீபத்தில் முன்பக்கச் சத்தத்துக்கு வேலை பார்த்து, சத்தம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள் முதலில் பாருங்கள்.