ரீலோடிங் கிட், மூன்று வருஷத்துக்குப் பிறகு: எல்லாம் சரி, தராசு மட்டும்...

சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் மறுபடி பவுடர் நிரப்புவதுதான் ரீலோடிங். அதற்கான என் கிட்டில், பவுடரை நிறுத்துத் தரும் டிஸ்பென்சர் லோட் செல்லை (எடையை உணரும் பாகம்) மாற்றிக்கொண்டு சர்வீஸிலிருந்து திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. இதற்கிடையில், புதிதாக ரைஃபிள் வாங்கிய நண்பர் ஒருவர், "துல்லியமான தோட்டாவை நாமே நிரப்பத் தொடங்கணும்னா கிட்டாகவே வாங்கிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பிரைமரும் (அடிபட்டுத் தீப்பொறி தரும் சிறு மூடி) பவுடரும் (வெடிமருந்து) வைத்திருக்க உங்கள் ஊர்ச் சட்டம் என்ன அனுமதி கேட்கிறது என்பதை முதலில் முடித்துவிடுங்கள். கருவி பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

பிரெஸ் (கேஸை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டை, அச்சுக்குள் அழுத்தும் நெம்புகோல் கருவி) பற்றி எல்லாரும் மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். எனக்கு அதில் சொல்ல அதிகம் இல்லை. வார்ப்பிரும்பில் செய்த, O வடிவச் சட்டம் உள்ள சிங்கிள் ஸ்டேஜ் (ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும்) பிரெஸ் ஒன்று போதும். கேஸுக்கு வடிவம் தரும் அச்சான டையைத் திருகும் துளை 7/8-14 மரை (7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று). இந்த அளவு கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனிக்கும் பொது என்பதால், ஒருவரிடம் பிரெஸ், இன்னொருவரிடம் டை என்று கலந்து வாங்கலாம். .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகைகள் இரண்டுக்கும் கேஸின் அடிப்பாக விட்டம் 0.473 அங்குலம்தான், கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் ஒன்றே இரண்டுக்கும் ஆகும். கிட்டில் வந்த பிரெஸ் மூன்று வருஷத்தில் கேட்டதெல்லாம் தண்டில் இரண்டு சொட்டு எண்ணெயும், பழைய பிரைமர் கரியைத் துடைப்பதும்தான். பிரெஸ்ஸைப் பிடித்திருக்கும் மேசை ஆடினால் மட்டும் எல்லாமே கெடும். அதனால் பலகையைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

டையில்தான் யோசித்துச் செலவழிக்க வேண்டும். கேஸின் கழுத்துக்குத் தனி புஷிங் (மாற்றக்கூடிய வளையம்) போடுகிற ஃபுல் லெங்த் டை (கேஸ் முழுவதையும் அளவுக்குக் கொண்டுவருவது) வாங்குங்கள். புல்லட் உட்கார்ந்த கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்து, அதைவிட 0.002 அங்குலம் சிறிய புஷிங்கிலிருந்து தொடங்கலாம். சாதாரண டையில் இருக்கும், கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பேண்டர் உருண்டை, வெளியே வரும்போது கழுத்தைக் கோணலாக இழுத்துவிடும். உள்கழுத்தில் லூப் (மசகு) இல்லாவிட்டால் இன்னும் மோசம். தோளை (கழுத்துக்குக் கீழுள்ள சரிவை) எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறோம் என்பதுதான் அடுத்தது. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு (ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுப்பது), சுட்ட கேஸைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் குறைந்தால் போதும். அதை அளக்காமல், "டையைத் திருகி ஷெல் ஹோல்டரில் தொடவிட்டு இன்னும் கால் சுற்று" என்ற பொதுவான குறிப்பை மட்டும் நம்பினால் தோள் தேவைக்கு மேல் இறங்கும். ஒவ்வொரு சூட்டிலும் பித்தளை நீண்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே மெலிந்து, ஒருநாள் வளையமாகப் பிளக்கும். தோள் எங்கே நிற்கிறது என்று அளக்க, காலிப்பரில் மாட்டுகிற கம்பேரட்டர் செட் இதற்காகவே வேண்டும். புல்லட்டின் நுனி ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுவதால், நிரப்பிய தோட்டாவின் நீளத்தை நுனியிலிருந்து அளப்பதில் பயனில்லை. நுனிக்குப் பதில் புல்லட்டின் வளைவிலிருந்து அளக்கவும் அதே செட்தான் உதவும். கிட்டில் இது வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

கையால் பிரைமர் பொருத்தும் கருவி எதிர்பாராத சந்தோஷம். கட்டை விரல் நெம்புகோலை அழுத்தும்போது பிரைமர் குழியின் அடியைத் தொடுவது விரலுக்கே தெரியும். குழி தளர்ந்த பழைய கேஸ் என்றால் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அந்தக் கேஸை அப்போதே ஒதுக்கிவிடலாம். பிரெஸ்ஸில் பொருத்தினால் இந்த உணர்வு கிடைக்காது. பிரைமர் கேஸின் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்க வேண்டும், வெளியே துருத்தவே கூடாது. விரலால் தடவிப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

டிரிம்மர் (நீண்ட கேஸை வெட்டுவது), வாய் மழிக்கும் கருவி இரண்டும் கிட்டில் வந்தவையே போதும். .308 கேஸுக்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டிவைக்க வேண்டியது 2.005. லூபைப் பொறுத்தவரை, அதிகமானால் தோளில் குழிவிழும், குறைந்தால் கேஸ் டைக்குள் சிக்கும். சிக்கினால் அடியைத் துளையிட்டு, மரை வெட்டி, போல்ட் போட்டு இழுக்க வேண்டிவரும். மெழுகு மாதிரியான லூப் விரல்நுனியில் ஒரு துளி எடுத்துத் தடவினால் இரண்டும் நேராது.

இப்போது தராசுக்கு வருகிறேன்.

கிட்டோடு வந்தது மோட்டார் வைத்துப் பவுடரைத் தானே நிறுத்துத் தருகிற டிஸ்பென்சர். எடையை அடித்துவிட்டால் அரை நிமிஷத்துக்குள் தட்டில் கொட்டிக் கொடுக்கும். அந்த நேரத்தில் முந்தைய கேஸில் புல்லட்டைப் பொருத்திவிடலாம். கை ஓயாது, மனமும் சலிக்காது. இவ்வளவு வசதி வேறு எந்தக் கருவியிலும் இல்லை. கோபம் வருவதும் அதனால்தான்: திரை காட்டுகிற எண்ணை நம்ப முடியவில்லை.

உள்ளே இருப்பது ஓர் அலுமினியக் கட்டை. அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ்கள், கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவதை மின்தடை மாற்றமாகச் சொல்கின்றன. எடையால் வளைந்தாலும் அது மாறும், சூட்டால் விரிந்தாலும் மாறும். பவுடரை அளக்கும் அலகான கிரெயின் ஒன்று 64.8 மில்லிகிராம். 0.1 கிரெயின் என்றால் ஆறரை மில்லிகிராம். மின்விசிறிக் காற்றும், பக்கத்தில் வைத்த கைபேசியும், பிளாஸ்டிக் புனலில் ஏறிய நிலைமின்சாரமும் அந்த எண்ணை ஆட்டப் போதும். மாற்றிவந்த புதிய லோட் செல்லிலும் இதே கதைதான். ஆகவே பழுது அந்தப் பாகத்தில் இல்லை, வகையிலேயே இருக்கிறது.

சோதிப்பது எளிது. காலித் தட்டை வைத்து சைபராக்குங்கள். தட்டை எடுத்தால் அதன் எடை கழித்தல் குறியோடு வரும், உதாரணமாக −150.4. ஒவ்வொரு முறை தட்டை எடுக்கும்போதும் அதே எண் வர வேண்டும். பத்தாவது முறை −150.6 என்று வந்தால் சைபர் 0.2 கீழே இறங்கிவிட்டது. திரையில் குறித்த எடையே தெரிகிறது, ஆனால் தட்டில் 0.2 கிரெயின் கூடுதல் பவுடர் இருக்கிறது. .308 அளவுள்ள கேஸில் 0.1 கிரெயினுக்குப் புல்லட்டின் வேகம் வினாடிக்குச் சுமார் 5, 6 அடி மாறும். நெடுந்தூரத்தில் மேல்கீழ்ச் சிதறலாக அது தெரியும். லோட் மேனுவலின் (எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு பவுடர் என்று சொல்லும் கையேட்டின்) உச்ச அளவுக்குப் பக்கத்தில் நிரப்புகிறவருக்கு அழுத்தமும் கூடுகிறது. அதனால்தான் மேனுவல் சொல்லும் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறுங்கள் என்கிறோம்.

இன்னொரு தொல்லை மெதுவாகச் சேர்க்கும்போது. 0.1 குறைகிறதே என்று குச்சி வடிவப் பவுடரை ஒவ்வொரு மணியாகப் போட்டால் எண் அசையாது. ஒரு மணி சுமார் 0.02 கிரெயின்தான், இத்தனை சின்ன மாற்றத்தைச் சைபர் நகர்வு என்று நினைத்து தராசு விழுங்கிவிடுகிறது. நான்கைந்து மணி போட்டபிறகு தட்டைத் தூக்கி வைத்தால் திடீரென்று 0.1 கூடியிருக்கும். ஆகவே சேர்த்தபின் தட்டை ஒருமுறை தூக்கி வைக்காமல் எண்ணைப் படிக்கக் கூடாது. கொட்டும் குழாயின் வாயில் ஸ்ட்ரா துண்டு ஒன்றைச் செருகினால் கடைசி மணிகள் கொத்தாக விழுவது குறையும். இதெல்லாம் பயனருக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் கருவிதான் செய்திருக்க வேண்டிய வேலை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் சூடாகவிட்டு, விசிறியை நிறுத்தி, மட்டம் பார்த்து வைத்தால் பெரும்பாலான நேரம் 0.1க்குள் நிற்கிறது. வேட்டைத் தோட்டாவுக்கு அதுவே தாராளம். கிட்டில் கூடவே வந்த பெரிய கிராம் எடைக்கல்லில் அளவுசரி செய்வதோடு நிற்காமல், உங்கள் பவுடர் எடைக்கு நெருக்கமான சிறிய எடைக்கல் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரல் பிசுக்கும் எடைதான்.

பீம் தராசில் (கோல் தராசு) இந்தச் சைபர் நகர்வும், சின்ன மாற்றத்தை விழுங்குவதும் இல்லை. அகேட் கல்லின்மேல் கத்திமுனை, ஆட்டத்தை அடக்கக் காந்தத்துக்கு நடுவே செப்புத் தகடு, அவ்வளவுதான். மின்சாரம் கேட்காது, சூடாகக் காத்திருக்க வேண்டாம். தூசி படியாமல் மூடி வைத்தால் போதும். கத்திமுனைக்கு எண்ணெய் விடவே கூடாது, ஒட்டிக்கொண்டு சோம்பும். ஒரு மணி போட்டால் முள் லேசாக எழும், அதைக் கண்ணால் பார்க்கலாம். முள்ளை நேர்க்கோட்டில் பார்க்கக் கைபேசிக் கேமராவை அதே உயரத்தில் நிறுத்தினால் இடமாறு தோற்றப்பிழை தீர்ந்துவிடும். இதிலும் ஓர் ஆபத்து உண்டு: நகர்த்தும் எடை தவறான பள்ளத்தில் உட்கார்ந்தால் பல கிரெயின் பிசகலாம். எனவே தொடங்குமுன் எடைக்கல்லால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பிரெஸ் குறையில்லாதது, பிரைமர் கருவி அருமை, டிரிம்மர் நல்லது. ஆனாலும் நண்பருக்கு என் பதில்: கிட் வேண்டாம். பிரெஸ், புஷிங் டை, கம்பேரட்டர், கைப் பிரைமர் கருவி, ஒரு பீம் தராசு, கையால் சுழற்றும் ட்ரிக்லர் (பவுடரை மணி மணியாக விழவிடுவது), புதிய பதிப்பு லோட் மேனுவல் ஒன்று. இவற்றைத் தனித்தனியாக வாங்குங்கள். பிறகு மனம் கேட்டால், லோட் செல்லை நம்பாமல் மின்காந்த விசையால் எடையைச் சமன்செய்கிற ஆய்வக வகைத் தராசுக்குக் காசு சேருங்கள். மில்லிகிராம் வரை படிப்பதால், ஒரு மணி போட்டாலும் அதில் தெரியும்.

சர்வீஸிலிருந்து வந்த டிஸ்பென்சர் இப்போது குறித்த எடைக்கு 0.3 கிரெயின் குறைவாகக் கொட்டுகிற வேலையை மட்டும் செய்கிறது. மீதி 0.3ஐ ட்ரிக்லரால் போட்டு, பீமின் முள்ளைப் பார்த்து நிறுத்துகிறேன். அப்படியும் பத்துக்கு ஒருமுறை எடைக்கல் வைத்துப் பார்க்கிறேன். எண் பிசகினால் கடைசிப் பத்தையும் கொட்டி, முதலிலிருந்து நிறுக்கிறேன்.