ஆஸ்காட் கடல்காற்றுத் தரவு: அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது?

மெட்டாப் என்ற ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோள்களில் இருக்கும் ஆஸ்காட் ரேடாரின் காற்றுத் தரவை இறக்கி முதல் தடவை வரைபடம் போட்டபோது, வட அரைக்கோளப் புயல் ஒன்று கடிகாரச் சுற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. கோப்பு கெட்டுப்போயிருக்கும் என்று மறுபடியும் இறக்கினேன், அதே கூத்து. தப்பு என்னுடையதுதான். இந்தக் கோப்பில் திசை என்றால் காற்று போகும் பக்கம். வானிலைக்காரர்கள் சொல்வது வரும் பக்கம். தெற்கிலிருந்து வருவதுதான் தென்றல் என்று பழகிய மண்டைக்கு இது உறைக்க நேரமாகிறது. 180 டிகிரி கூட்டியதும் சரியாகிவிட்டது. விளக்கக் குறிப்பை முதலில் படியுங்கள், நான் படிக்கவில்லை.

சரி, தரவு எப்படி? இலவசம், வேகக் கணக்கு அருமை, திசைதான் தலைவலி. ரேடார் காற்றைப் பார்ப்பதே இல்லை. காற்று கடல்மேல் கிளப்பும் சில சென்டிமீட்டர் நீளச் சிற்றலைகளில் பட்டு அதன் 5.255 கிகாஹெர்ட்ஸ் அலை எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்று மட்டும் பார்க்கிறது. காற்று வீசும் கோட்டிலேயே பார்த்தால் பலம் கூடும், குறுக்கே பார்த்தால் குறையும். ஒரே இடத்தை மூன்று ஆன்டெனாக்கள் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று அடுத்தடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான். அப்படியும் எதிர்க்காற்றும் பின்காற்றும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிவதால், நேரெதிர்த் திசையில் இன்னொரு விடையும் வந்து நிற்கும். இரண்டில் எது என்று கணினி வானிலை மாதிரியின் முன்கணிப்பைத் துணைக்கு வைத்துத்தான் தீர்க்கிறார்கள். மாதிரி புயல் மையத்தைத் தள்ளி வைத்திருந்தால் மையத்தைச் சுற்றிச் சில அம்புகள் புரண்டு நிற்கலாம். அம்பைப் பார்த்து மாதிரியைத் திருத்த நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

காற்று மெலிந்து நொடிக்கு மூன்று மீட்டருக்குக் கீழே போனால் திசையை நான் நம்புவதில்லை. தரவு எவ்வளவு நம்பகம் என்று கோப்பிலேயே சொல்லும் தரக்குறியீட்டையும் பார்த்து வடிகட்டுவேன்.

மழையில் ஆஸ்காட் நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. 1999 முதல் 2009 வரை ஓடிய நாசாவின் கடல்காற்றுச் செயற்கைக்கோள் குவிக்ஸ்காட்டின் ரேடார் அலை 13.4 கிகாஹெர்ட்ஸ், அதை மழைத்துளிகள் ரொம்பவே குழப்பும். ஆனால் குவிக்ஸ்காட் 1800 கிலோமீட்டர் அகலத்தை ஒரே பட்டையாக வாரியது. ஆஸ்காட்டுக்கு இடமும் வலமும் சுமார் 550 கிலோமீட்டரில் ஒவ்வொரு பட்டை, நடுவே செயற்கைக்கோளுக்கு நேர் கீழே ஏறக்குறைய 700 கிலோமீட்டர் வெறுமை. நான் காத்திருந்த புயல் போன முறை சரியாக அந்த வெறுமைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.