வலி மாத்திரையைக் குறைக்கப் போன கிளினிக்: நாலு ஸ்டார்

அத்தைக்கு வயசு 72. ரெண்டு முட்டியையும் ஒரே சமயத்தில் மாத்தினோம். ஆபரேஷன் வேற ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது, அதில் குறை சொல்ல ஒண்ணுமில்லை. வளைஞ்சிருந்த கால் நேராயிடுச்சு. குறை டிஸ்சார்ஜ் சம்மரியில்தான். ட்ரமடாலும் (அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து) பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை மூணு வேளை, ராத்திரிக்கு நரம்பு வலிக்கான பிரிகாபலின் 75 மில்லிகிராம். எப்ப, எப்படி நிறுத்தணும்னு ஒரு எழுத்துகூட இல்லை. தையல் பிரிக்கப் போனப்ப கேட்டேன். "வலி இருக்கிற வரைக்கும் போடுங்க"ன்னு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே பதில் வந்துச்சு. முட்டி மாத்தினவங்களுக்கு வலி இல்லாத நாள் எது?

அப்படியே ஓடிக்கிட்டிருந்தப்ப ஒரு நாள் அட்டை தீர்ந்துபோச்சு. பழைய சீட்டுக்குத் தர முடியாதுன்னுட்டார் மருந்துக்கடைக்காரர். அவர் மேல தப்பே இல்லை. ட்ரமடால் ஹெச்1 மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கக்கூடிய, கூடுதல் கட்டுப்பாடுள்ள பட்டியலில் இருக்கிறது. யாருக்கு, எந்த டாக்டர் சீட்டுக்கு, எவ்வளவு கொடுத்தோம்னு தனி ரெஜிஸ்டரில் எழுதி 3 வருஷம் வெச்சிருக்கணும். 2018-லிருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயும் வந்துடுச்சு. மறுநாள் ராத்திரி அத்தைக்குக் கொட்டாவி மேல கொட்டாவி. மூக்கு ஒழுகுது, கையெல்லாம் புல்லரிச்சு நிக்குது, வயித்தால போகுது, கால் ஒரு இடத்தில் கிடக்க மாட்டேங்குது. முட்டிவலியைவிட இந்தப் படபடப்புதான் தாங்கலைன்னாங்க. வைரல் காய்ச்சல்னு நெனச்சு வீட்டில் கஷாயம் கொதிச்சுது. நர்ஸா இருக்கிற என் தங்கச்சிதான் போனில் கேட்டுட்டு, "அக்கா, இது காய்ச்சல் இல்ல, மாத்திரை சட்டுனு நின்னதால வர்றது"ன்னு சொல்லி இந்த வலி கிளினிக்குக்குப் போகச் சொன்னா.

இங்க இருக்கிற டாக்டர் மயக்க மருந்து படிச்சவர். வலி கிளினிக் நடத்துறவங்க பெரும்பாலும் அப்படித்தானாம். அத்தைக்கு அதுவே நிம்மதி: "கத்தி எடுக்க மாட்டாருல்ல, அப்பச் சரி."

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே, வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரையையும் கொண்டு வரச் சொல்லிட்டாங்க. மஞ்சப்பையை மேஜையில் கவுத்தோம். பிரஷர், சுகர், டோலோ 650 (இதுவும் பாராசிட்டமால்தான்), அப்புறம் அத்தை வருஷக்கணக்கா தூக்கத்துக்குப் போடுற அல்பிரஸோலம். டாக்டர் அந்தத் தூக்க மாத்திரையைத் தனியா எடுத்து வெச்சார். ட்ரமடாலோட அது சேர்ந்தா வயசானவங்களுக்கு மூச்சு மந்தமாகலாம்னார். சரி, இன்னிக்கே நிறுத்திடுறோம்னேன். "கூடவே கூடாதும்மா. இதைத் திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம். கொடுத்த டாக்டர்கிட்ட நான் பேசுறேன், அதுக்குத் தனியா ஒரு கணக்கு போடுவோம்"னார். டோலோவையும் விடலை. கலந்த மாத்திரையிலேயே 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கு, மூணு வேளைக்கு 975. அதுக்கு மேல டோலோ மூணு போட்டா 2925. அத்தைக்கு ஒரு நாளைக்கு 3 கிராமைத் தாண்ட வேண்டாம்னு சீட்டிலேயே எழுதிட்டார். இதை இதுக்கு முன்னாடி யாரும் எங்களுக்குக் கூட்டிக் காட்டலை.

அப்புறம் கொடுத்தாரு பாருங்க ஒரு தாள். தமிழில், கண்ணாடி இல்லாம படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில். முதலில் அளவைக் கொஞ்சம் குறைச்சு மறுபடி ஆரம்பிச்சு, அங்கிருந்து படிப்படியா இறக்குறது. எந்த வேளை கடைசியில் போகணும்னு அத்தையையே கேட்டார். பிசியோதெரபி பையன் காலையில் வந்து முட்டியை மடக்குறப்பதான் உயிர் போகுதுன்னாங்க. அதனால மதிய மாத்திரை முதலில் போச்சு, அடுத்து ராத்திரியோடது. பையன் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடுற காலை மாத்திரைதான் கடைசி வரைக்கும் இருந்துச்சு. வலி கூடினா அந்தப் படியிலேயே நிக்கணும், நாமளா ஏத்தக் கூடாது, போன் பண்ணணும். பிரிகாபலினை அப்ப தொடவே இல்லை. ரெண்டையும் சேர்த்துக் குறைச்சா எது படுத்துதுன்னு கண்டுபிடிக்க முடியாதாம். ட்ரமடால் முடிஞ்ச பிறகு அதையும் மெதுவாத்தான் இறக்கினார். மலச்சிக்கலுக்குக் கொடுத்த மருந்து ட்ரமடால் முடியுற வரைக்கும். உடற்பயிற்சி முடிஞ்சதும் துண்டில் சுத்தின ஐஸ் 15–20 நிமிஷம்.

தாளுக்குப் பின்பக்கம் சிவப்பில்: கெண்டைக்கால் வீங்கினாலோ, காய்ச்சலோட முட்டி சிவந்து சுட்டாலோ உடனே ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட ஓடணும். எழுப்பினா எழாம, மூச்சு ரொம்ப மெதுவா இருந்தா 108. வலி கிளினிக்காரங்க இதை எழுதிக் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. எல்லா வலியையும் மருந்து விட்டதோட கணக்கில் சேர்த்துடக் கூடாதில்லையா. (இது அத்தையோட தாள். உங்க வீட்டுக்கு உங்க டாக்டர்தான் எழுதணும்.)

இவங்ககிட்ட நான் காசு கொடுத்தது முக்கியமா போன் காலுக்குத்தான்னு சொல்வேன். நர்ஸ் அவங்களா கூப்பிடுவாங்க. வலி பத்துக்கு எத்தனைன்னு மட்டும் கேட்டு வைக்க மாட்டாங்க. ராத்திரி தூங்கினாங்களா, கொட்டாவி வருதா, பாத்ரூமுக்குத் தனியா போய்ட்டு வந்தாங்களா? ஒரு தடவை அத்தை, "வலிக்குது, ஆனா மொட்டை மாடிக்கு ஏறிட்டேன்"னாங்க. நர்ஸ் அந்தப் பக்கம் சிரிச்சுட்டு, "அப்ப அடுத்த படி இறங்கலாம்மா"ன்னாங்க.

உள்ளே இருக்கிற மருந்துக்கடையில் தாளில் இருக்கிற கணக்குக்கு அட்டையைக் கத்தரிச்சுக் கொடுக்கிறாங்க, முழு அட்டையை நம்ம தலையில் கட்டுறதில்லை. முன்னாடி மிச்சம் இருந்த ரெண்டொரு ட்ரமடாலைக் குப்பையில் போடாம டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் பண்ணச் சொன்னாங்க.

இனி குறை. முட்டி, முதுகு வலிக்காரங்க வர்ற இடத்தை முதல் மாடியில் வெச்ச புண்ணியவான் யாரோ. லிஃப்ட்டில் வீல்சேர் நுழைஞ்சா கூட வர்றவங்க படியேறணும். டோக்கன் 5 மணின்னா 7 மணிக்குத்தான் கூப்பிடுவாங்க. வெயிட்டிங் ஹாலில் கை வெச்ச நாற்காலி நாலுதான், மத்ததெல்லாம் ஸ்டூல். முட்டி ஆபரேஷன் ஆனவங்க ஸ்டூலிலிருந்து எந்திரிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? முதல் தடவை ஃபீஸ் 800 ரூபாய், அடுத்தடுத்து 400. எங்க இன்ஷூரன்ஸில் இது வராது.

ஒரு ஸ்டார் அந்த லிஃப்ட்டுக்கும் ஸ்டூலுக்கும் போச்சு. வீல்சேரில் கூட்டிட்டு வர்றவங்க முன்கூட்டியே போன் பண்ணிச் சொன்னா டாக்டர் கீழே இறங்கி வந்து பார்க்கிறார். இதை வாசலில் போர்டு வெச்சுச் சொல்லலாம். நாங்க கடைசி விசிட்டில்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.