போடி ரயிலைக் கணினியில் ஓட்ட எந்த வரைபடம் கைகொடுக்கிறது?

கட்டட வரைபடம் போடுவதுதான் எனக்குத் தொழில். பகலெல்லாம் பிறர் வீட்டுக்குச் சுவர் வரைந்துவிட்டு, எட்டு மாதமாக இரவில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன். மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை, ஏறத்தாழ 90 கிலோமீட்டர், கணினியில் ரயில் ஓட்டிப் பார்க்கிற ஓப்பன் ரெயில்ஸ் என்னும் இலவச சிமுலேட்டரில்.

அம்மா பிறந்த ஊர் போடி. பள்ளி விடுமுறை என்றால் மீட்டர் கேஜ் ரயில்தான், இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி (கேஜ்) ஒரு மீட்டர். 2010 கடைசியில் அதை நிறுத்தினார்கள். அகல ரயில் தேனிக்கு வர 2022 மே ஆனது. போடிக்கு வர 2023 ஜூன். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பஸ்ஸில் போய்வந்த எரிச்சல்தான் என்னை இந்த வேலையில் இறக்கியது என்று நினைக்கிறேன்.

இதற்காகத் தேடியெடுத்த வரைபடங்களில் முதல் மதிப்பெண் ஓப்பன் ரயில்வே மேப் தளத்துக்கு. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் தன்னார்வலர்கள் எழுதிவைத்த விவரங்களிலிருந்து ரயில் சம்பந்தப்பட்டதை மட்டும் பிரித்துக் காட்டுகிற தளம் அது. ஒரு பைசா செலவில்லை. பாதை, வேகம், சிக்னல், மின்மயம், கேஜ் என்று தனித்தனி அடுக்காகப் பார்க்கலாம். மதுரை சந்திப்பை நெருக்கிப் பார்க்கும்போது எனக்குப் பசியே மறந்துபோனது. பிளாட்பாரக் கோடுகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் இணைப்புகள், போடிப் பாதை பிரிகிற இடம் எல்லாம் கோடுகோடாக விரிகின்றன. சாதாரண சாலை வரைபடத்தில் இவ்வளவும் சேர்ந்து ஒரே கறுப்புக் கோடு.

பார்ப்பதோடு முடியவில்லை, அந்தக் கோட்டைக் கையில் எடுத்துக்கொள்ளவும் முடிகிறது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் விவரங்களில் வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கும் ஓவர்பாஸ் டர்போ தளத்தில் ரயில் பாதைகளைக் கேட்டு, ஜிபிஎக்ஸ் என்னும் இடப்புள்ளிக் கோப்பாக இறக்கி, சிமுலேட்டருக்கான மார்க்கர் கோப்பாக மாற்றிக்கொண்டால் போதும். பாதை வரையும் மென்பொருளில் வரிசையாகக் கொடிகள் நிற்கும். கொடியை ஒட்டித் தண்டவாளத்தை வைத்துக்கொண்டே போகலாம். மதுரையை அடுத்த வடபழஞ்சி வரை இரண்டே இரவில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சிக்னல் அடுக்கில் மட்டும் நம் பக்கம் நான் பார்த்தவரை பெரும்பாலும் வெறுமைதான். இதில் தளத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாராவது போய்ப் பார்த்து எழுதினால்தானே இருக்கும்? நானே இரண்டு லெவல் கிராசிங்குகளைச் சேர்த்திருக்கிறேன்.

அடுத்தது இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாள்கள், தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் அரை கிலோமீட்டர். இணையத்தில் இலவசமாக இறக்கலாம். கண்மாய், ஓடை, பாலம், ஊர் எல்லை, கோயில் என்று ரயிலுக்கு வெளியே இருப்பதை நிரப்ப இதற்கு ஈடில்லை. சிமுலேட்டரில் ஜன்னல் வழியே தெரிவது அதுதானே. ஆனால் நம் பாதைக்கு ஒரு விசித்திரமான இடைஞ்சல் உண்டு. தேனியும் போடியும் 10 பாகை அட்சரேகையை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. தாள் முடிவதும் அதே ரேகையில்தான். வடக்குத் தாளின் அடி விளிம்பில் ரயில் ஓடுகிறது, அதன் தெற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பார்க்க அடுத்த தாள் வேண்டும். போதாக்குறைக்கு 78 பாகை தீர்க்கரேகை மதுரைக்குச் சற்று மேற்கே வெட்டுகிறது, அங்கேயும் தாள் மாறும். அச்செடுத்து செல்லோ டேப் போட்டுக் கூடத்தில் விரித்திருந்தேன். "உசிலம்பட்டியை மிதிக்காமல் அடுப்படிக்குப் போக வழி உண்டா?" என்று மனைவி கேட்டார்.

1950களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட 1:250,000 வரைபடங்களும் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. பழைய காலத்துப் பாதையைப் பார்க்க ஆசைதான். ஆனால் கணக்குப் போட்டால் அதில் ஒரு மில்லிமீட்டர் 250 மீட்டர். பேனாக் கோட்டின் தடிமனுக்குள் ஒரு ரயில் நிலையமே ஒளிந்துகொள்ளும். சுவரில் மாட்டலாம், அளக்க முடியாது.

உண்மையான தலைவலி உயரம். மேலே சொன்ன எதுவும் இதற்கு உதவவில்லை. 1:50,000 தாளில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. நூற்றுக்கு ஒன்று ஏற்றத்தில் 20 மீட்டர் ஏற ரயில் இரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். இடையில் அது ஏறி இறங்கினாலும் தாளுக்குத் தெரியாது. எனவே எல்லோரையும்போல நானும் விண்கல ரேடார் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவைப் போட்டு நிலத்தை எழுப்பினேன். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. சமவெளியில் அழகாகப் பொருந்தியது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டி கணவாயில் முதன்முறை ஓட்டியபோது இன்ஜின் நேராகப் பாறைக்குள் புகுந்து காணாமல் போனது.

அங்கே மலையை வெட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். ஒற்றைப் பாதைக்கு வெட்டிய பள்ளம் 30 மீட்டர் புள்ளிகளுக்கு நடுவே விழுந்துவிடும். ரேடாருக்கு அது முழு மலைதான். அதோடு அந்தத் தரவு எடுத்தது 2000 பிப்ரவரியில். அப்போது அங்கே மீட்டர் கேஜ். அகலப் பாதைக்காகப் பாறையை உடைத்தது எல்லாம் அதற்குப் பிறகு.

உசிலம்பட்டியில் என் சித்தப்பா இருக்கிறார். மீட்டர் கேஜ் காலத்தில் கீமேன். தினமும் சுத்தியலும் ஸ்பானருமாகத் தண்டவாளத்தோடு நடந்தவர். மடிக்கணினியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தார். "ஏம்பா, ஏற்றமே இல்லாமல் கணவாய்க்குள் போகிறது உன் வண்டி? மழை நாளில் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது, மணல் போட்டுத்தான் ஏற்றுவார்கள்" என்றார். பிறகு, "கிரேடியன்ட் போஸ்ட்டைப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. பாதையோரம் வெள்ளைக் கட்டையில் இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கை மேல்நோக்கி, அதில் 100 என்று இருந்தால் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். ஏற்றம் மாறுகிற இடத்தில்தான் அதை நடுவார்கள், ஆகவே எனக்குத் தேவையான இரண்டு விவரமும் அதிலேயே இருக்கிறது. தண்டவாளத்தில் இறங்கி நடந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் அபராதமும் சிறையும் உண்டு. நான் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து கைபேசியில் வீடியோ எடுத்து, வீட்டில் ஒவ்வொரு காட்சியாக நிறுத்திப் படித்தேன். ஸ்டேஷன் மஞ்சள் பலகையின் அடியில் கடல்மட்ட உயரம் எழுதியிருப்பார்கள், அதையும் குறித்துக்கொண்டேன். பலகைக்குப் பலகை உயரம் நிலையானது, நடுவே ஏற்ற இறக்கத்தைக் கட்டைகள் சொல்கின்றன. கூட்டிக் கழித்தால் கணக்கு உதைக்கிற இடத்தில் ஏதோ ஒரு கட்டையைத் தவறவிட்டிருக்கிறேன் என்று தெரிந்துவிடும்.

மதுரை முதல் உசிலம்பட்டி வரை கணக்கு நேராகிவிட்டது. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கட்டை புதருக்குள் மறைந்திருக்கிறது, மூன்று வீடியோவிலும் எண் தெரியவில்லை. வருகிற ஞாயிறு சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன். எந்த ஜன்னலில் உட்கார வேண்டும் என்பது அவருக்குத் தெரியுமாம்.