சித்திரை உழவு: மினி டிராக்டரில் கலப்பையா, ரோட்டவேட்டரா?

கோடை மழை ஒன்று பெய்ததும் எங்கள் தென்னந்தோப்பில் வரும் முதல் கேள்வி இதுதான். 25 அடி இடைவெளியில் நட்ட மரங்களுக்கு நடுவே மினி டிராக்டர் நன்றாகத் திரும்பும். சரி, பின்னால் எதை மாட்டுவது?

ரோட்டவேட்டர், அதாவது சுழலும் கத்திகள் கொண்ட கருவி, ஒரே ஓட்டத்தில் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவிடும். பார்க்க அழகுதான். ஆனால் நாலைந்து அங்குலம்தான் இறங்கும். வருடா வருடம் அதே ஆழத்தில் ஓட்டினால் அடிமண் இறுகி, மழைத்தண்ணீர் கீழே போகாது. கோரையும் அருகம்புல்லும் இருந்தால் இன்னும் மோசம், துண்டு துண்டாக வெட்டித் தோப்பு முழுக்கப் பரப்பிவிடும்.

கொத்துக் கலப்பை கட்டி கட்டியாகப் புரட்டும். சித்திரைக்கு அந்தக் கட்டிகள்தான் வேண்டும். இடுக்கில் மழை இறங்கும். கோரைக் கிழங்கும் கூட்டுப்புழுவும் மேலே வந்து வெயிலில் காயும். மிச்சத்தை மைனாவும் கொக்கும் பொறுக்கிவிடும். மரத்தைச் சுற்றி ஆறடி விட்டு ஓட்டுங்கள், வேர் அறுபடக் கூடாது.

என் தேர்வு சித்திரைக்குக் கலப்பைதான். ரோட்டவேட்டர் ஆடியில், ஊடுபயிர் விதைக்கும் முன் ஒரு ஓட்டம் போதும்.

அப்புறம், மழை விட்ட மறுநாளே இறங்காதீர்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் ஓட்டலாம். உருண்டையாகவே கிடந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.