பாம்பன் பக்கம் ஒரு கிளினிக்: பெஞ்சு மோசம், வைத்தியம் சுத்தம்

கெளுத்தி முள் குத்தி அப்பாவுக்குக் கணுக்கால் வீங்கியதும் இங்கேதான் போனோம். சிவப்பு எதுவரை என்று டாக்டர் முதலில் பேனாவால் கோடு போட்டார். சாயங்காலமே சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரிக் கிருமிகள் ஹயலுரோனிடேஸ் என்ற நொதியைக் கக்கி, திசுக்களுக்கு நடுவே இருக்கும் பசையைக் கரைத்து வழி பண்ணிக்கொள்ளுமாம். கிருமியை மடக்க உடம்பு ரத்தத்தை உறையவைத்தால், அதே கிருமி கக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற இன்னொரு பொருள் அதையும் கரைத்துவிடும். மாரடைப்புக்கு ஊசியாகப் போடுவதும் அதே சரக்குதான், கேட்டுக்குங்க! கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்த்தார், கிருமி புரதம் செய்வதையே அது தடுப்பதால் நச்சு சுரப்பதும் குறையுமாம். கடல்தண்ணிக் காயத்தில் விப்ரியோ என்ற கிருமியும் வரலாம் என்று டாக்சிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் எழுதினார்.

இவ்வளவு பொறுமையாக யார் சொல்லித் தருகிறார்கள்? கம்பவுண்டர்தான் எரிந்து விழுவார். டோக்கனுக்கு விடியக்காலையிலேயே போய் நில்லுங்கள். உட்கார ஒரே பெஞ்சு, அதுவும் ஆடும்.